நாய் ஓயாம குரைக்குதா? நிறுத்துறோம்னு நினைச்சு நாம பண்ற தப்புகள்

நாய் ரொம்ப குரைக்குது, என்ன பண்றதுன்னு யார் கேட்டாலும் நான் திருப்பி கேக்குறது ஒண்ணுதான். எப்போ குரைக்குது, எதைப் பாத்து குரைக்குது, குரைச்ச உடனே வீட்ல யார் என்ன பண்றீங்க? பாதி பேர் "எப்பவுமேதான்"னு சொல்வாங்க. எந்த நாயும் எப்பவுமே குரைக்காது. கேட்டுக்கு வெளிய ஆள் வந்தா குரைக்கிறது வேற, நீங்க சாப்பிடும்போது தட்டைப் பாத்து குரைக்கிறது வேற, வீட்டைப் பூட்டிட்டு போனப்புறம் கதவைப் பிராண்டிகிட்டே குரைக்கிறது வேற, பட்டாசு சத்தத்துக்கு கட்டிலுக்கு அடியில போய் குரைக்கிறது வேற. இது எல்லாத்துக்கும் ஒரே அதட்டல், ஒரே பெல்ட்டுன்னு போறதுதான் முதல் தப்பு, மத்த தப்பெல்லாம் அதுல இருந்துதான் வருது. அதனால வேற எதையும் செய்யுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் போன்ல குறிச்சு வைங்க, நேரம் என்ன, எதுக்கு குரைச்சது, அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு. இந்த மூணாவதுதான் ரொம்ப முக்கியம், ஏன்னா குரைச்சதால நாய்க்கு என்ன கிடைக்குதோ அதுதான் அந்தப் பழக்கத்தை வளர்க்குது.

கேட்டையே எடுத்துக்குவோம். பேப்பர் போடுறவர் வர்றார், நாய் பாய்ஞ்சு குரைக்குது, அவர் பேப்பரை வீசிட்டு போயிடறார். அவர் எப்படியும் போயிருப்பார், ஆனா நாய் கணக்குல அது விரட்டுனதாலதான் போனார். அடுத்து பால்காரர், அப்புறம் கூரியர், அப்புறம் சாப்பாடு கொண்டு வர்ற பையன், ஒவ்வொருத்தரும் போகப்போக அதுக்கு நம்பிக்கை ஏறிகிட்டே போகுது. இந்த நேரம் பாத்து நாம ஹால்ல இருந்து "ஏய் சும்மா இரு, சும்மா இருன்னு சொல்றேன்ல"ன்னு கத்திகிட்டே கேட்டுக்கு ஓடுறோம். நாய்க்கு அது அதட்டல் மாதிரி போய் சேராது, நம்ம ஆளும் சேர்ந்து குரைக்க வந்துட்டாங்கன்னுதான் படும், இன்னும் வேகமாதான் குரைக்கும்.

இதுக்கு கத்துறதை விட கேட்டோட கீழ்ப்பாதியில பச்சை நெட்டோ மூங்கில் தட்டியோ கட்டுறது எவ்வளவோ மேல். கண்ல படலைன்னாலே நிறைய நாய் பாதி அடங்கிடும். அடுத்தது, யாரும் வராத நேரத்துல, வீடு அமைதியா இருக்கும்போது, சாதாரண குரல்ல "இங்க வா"ன்னு கூப்பிட்டு, வந்த உடனே சுண்டுவிரல் நகம் அளவு வேகவெச்ச சிக்கன் துண்டு கொடுத்து பழக்குங்க (உப்பு, மசாலா, வெங்காயம் கூடாது, வெங்காயம் நாய்க்கு விஷம்). உடனேன்னா உடனே, வந்த ரெண்டு செகண்டுக்குள்ள. நீங்க கிச்சன் போய் ஃப்ரிட்ஜ் திறந்து டப்பாவை எடுத்து வர்றதுக்குள்ள அது திரும்ப கேட்டைப் பாத்து குரைக்க ஆரம்பிச்சிருக்கும், அப்போ கொடுத்தா குரைச்சதுக்குதான் கூலி கொடுத்த மாதிரி ஆயிடும். காலிங் பெல்லுக்கு குரைக்கிற நாயா இருந்தா பெல் சத்தத்தை போன்ல ரெக்கார்ட் பண்ணி, காதுல விழுந்தும் விழாத வால்யூம்ல போட்டு, சத்தம் கேட்டதும் தீனி, அப்புறம் நாளாக நாளாக கொஞ்சம் கொஞ்சமா வால்யூமை ஏத்துங்க. குரைக்க ஆரம்பிச்சா அவசரப்பட்டுட்டோம்னு அர்த்தம், ஒரு படி இறங்கிடுங்க.

பிஸ்கட் விஷயத்தை தனியா சொல்லணும், நம்ம வீடுகள்ல இது ரொம்ப நடக்குது. மத்தியானம் பாட்டி கண்ணசந்து படுத்திருப்பாங்க, நாய் வந்து கட்டில் கிட்ட நின்னு ஒரு தடவை குரைக்கும், பாட்டி கண்ணைத் திறக்காமலே தலைமாட்டு டப்பாவுல இருந்து ஒரு மேரி பிஸ்கட்டை எடுத்து "இந்தா, போ"ன்னு போடுவாங்க. நாய் போயிடும், பாட்டிக்கும் நிம்மதி. ஆனா அன்னிக்கு நாய்க்கு ஒரு பாடம் நடந்து முடிஞ்சாச்சு. அப்பா அதட்டுவார், அம்மா கண்டுக்க மாட்டாங்க, பாட்டி பிஸ்கட் போடுவாங்கன்னா அந்த நாய் குரைக்கிறதை விடவே விடாது, ஏன்னா எப்பவாவது ஒரு தடவை கிடைக்கும்ங்கிற ஆசைதான் இருக்கறதுலேயே பலமான ஆசை. வீட்ல எல்லாரும் உக்காந்து ஒரே முடிவு எடுக்கணும், பாட்டி உட்பட.

ஏதாவது வேணும்னு குரைக்கிற நாயைக் கண்டுக்காம விடுறது சரியான வழிதான். ஆனா கண்டுக்காம விட ஆரம்பிச்ச முதல் சில நாள் குரைப்பு கூடும், குறையாது. இவ்வளவு நாள் வேலை செஞ்சது இப்போ செய்யலையேன்னு நாய் இன்னும் சத்தமா, இன்னும் நேரம் எடுத்து முயற்சி பண்ணும். பெரும்பாலான பேர் சரியா அந்த இடத்துலதான் "தாங்கலப்பா"ன்னு விட்டுக் கொடுக்கிறாங்க, நாயும் இனிமே இவ்வளவு நேரம் குரைச்சாதான் கிடைக்கும்னு புரிஞ்சுக்குது, அப்போ முன்னாடி இருந்ததை விட நிலைமை மோசம். முகத்தைத் திருப்பிக்கோங்க, பேசாதீங்க, அது வாயை மூடி ஒரு மூச்சு விட்ட அந்த நொடியே கவனிங்க, கொடுங்க.

ஆனா பயந்து குரைக்கிற நாயை இப்படி விடவே கூடாது. தீபாவளிக்கு நடுங்கிகிட்டு குரைக்கிற நாயைத் தடவிக் கொடுத்தா பயம் அதிகமாகும்னு சொல்வாங்க, அது உண்மை இல்ல, பக்கத்துல உக்காருங்க, ஜன்னலைச் சாத்தி ஃபேனைப் போட்டு டிவி சத்தத்தை வைங்க, ரொம்ப பயப்படுற நாயா இருந்தா தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வெட்னரி டாக்டரைப் பாத்து மருந்து பத்தி கேளுங்க. தனியா விட்டா கத்துற நாயும் அடம் பிடிக்கலை, அதுக்கு நிஜமாவே பதட்டம். அந்த நாய்க்கு அஞ்சு நிமிஷம் வெளிய போய் வர்றது, அப்புறம் பத்துன்னு பழக்கணும், ஒரேயடியா ஆபீஸ் நேரம் முழுக்க பூட்டிட்டு போகக் கூடாது.

சங்கிலி பத்தி எனக்கு நிஜமாவே கோவம் வருது. காவலுக்குன்னு ராஜபாளையமோ கோம்பையோ வாங்கி வாசல்ல நாள் முழுக்க கட்டிப் போட்டுட்டு ரொம்ப குரைக்குதுன்னு சொல்றாங்க. கட்டுன நாயால விலகிப் போகவும் முடியாது, கிட்டப் போய் மோந்து பாக்கவும் முடியாது, அது வேற என்னதான் செய்யும்? 1960ஆம் வருஷத்து மிருகவதை தடுப்புச் சட்டத்தோட 11ஆவது பிரிவே, வழக்கமா கட்டிப் போடுற நாயை நடமாட விடாம வெச்சிருக்கிறதை குற்றம்னு சொல்லுது. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கூட்டிட்டு போங்க, அதுவும் இழுத்துகிட்டு ஓடாம நின்னு நின்னு மோந்து பாக்க விடுங்க. மோந்து பாக்குறதுல நாய்க்கு வர்ற களைப்பும் நிம்மதியும் வேற. மழை நாள்ல பழைய துண்டுல தீனியைத் தூவி சுருட்டிக் கொடுத்தா அதுவே கொஞ்ச நேரம் ஓடும்.

ஆன்லைன்ல விக்கிற ஷாக் காலர் (கழுத்துல கரண்ட் ஷாக் கொடுக்கிற பட்டை) வாங்காதீங்க, தயவு செஞ்சு. வேல்ஸ் நாட்டுல 2010லயே தடை பண்ணிட்டாங்க. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பாத்து குரைக்கும்போது கழுத்துல சுரீர்னு வலிச்சா அந்தக் குழந்தையாலதான் வலிக்குதுன்னு நாய் முடிவு பண்ணிடும், குரைச்சுகிட்டு மட்டும் இருந்த நாய் கடிக்க ஆரம்பிக்கிறது இப்படித்தான். வாயை இறுக்கிக் கட்டுற நைலான் மூடியும் அப்படித்தான் ஆபத்து. நாய் உடம்புச் சூட்டைத் தணிக்கிறதே வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான், நம்ம ஊர் மே மாசத்துல வாயைக் கட்டி வெச்சா உயிருக்கே ஆபத்து.

வாங்கும்போதே யோசிக்க வேண்டியதும் இருக்கு. சின்னதா இருக்கு, ஃப்ளாட்டுக்கு சரியா இருக்கும்னு பீகிள் வாங்குறாங்க, அது வேட்டையில மோப்பம் பிடிச்சு குரல் கொடுக்கவே வளர்த்த இனம். பொமரேனியன்னு நாம சொல்ற ஸ்பிட்ஸும் சின்ன சத்தத்துக்கே அலர்ட் ஆகும். பழக்கலாம், ஆனா ஊமையாக்க முடியாது.

இதுவரைக்கும் அமைதியா இருந்த நாய் திடீர்னு குரைக்க ஆரம்பிச்சா ட்ரெயினரைத் தேடாதீங்க, முதல்ல டாக்டர். காதுல புண், பல் வலி, மூட்டு வலின்னு எதுவா வேணா இருக்கலாம். வயசான நாய் ராத்திரி சுவத்தைப் பாத்து குரைச்சா பேய் பிசாசுன்னு பயப்பட வேண்டாம், வயசுல மூளை தளர்றதால வர்றது அது, காது மந்தமானாலும் அப்படி குரைக்கும், ராத்திரி ஒரு சின்ன லைட் போட்டு வெச்சாலே சில நாய்க்கு நல்லா இருக்கும்.

அக்கம்பக்கத்துல புகார் வந்தா சண்டைக்குப் போறதும் தப்பு, பயந்து நாயைக் கொண்டு போய் எங்கயாவது விடுறது அதை விடப் பெரிய தப்பு. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல வெளியிட்ட வழிகாட்டுதல்படி குரைக்குதுங்கிறதுக்காக அசோசியேஷன் நாய் வளர்க்கத் தடை போட முடியாது, அதே வழிகாட்டுதல்தான் ராத்திரி நேரத்துல நாயை அமைதியா வெச்சுக்க எல்லா முயற்சியும் எடுக்கணும்னு நமக்கும் சொல்லுது. அதனால கீழ் வீட்டுக்காரர்கிட்ட நீங்களே போய், பழக்கிட்டு இருக்கோம், கொஞ்சம் நாள் ஆகும், நாங்க வெளிய போயிருக்கும்போது குரைச்சா எத்தனை மணிக்குன்னு ஒரு மெசேஜ் மட்டும் போடுங்கன்னு கேளுங்க. திட்ட வந்தவங்க பல பேர் இதுக்கு ஒத்துக்குவாங்க, நீங்க இல்லாத நேரத்துக் குறிப்பு உங்களுக்கு வேற எப்படியும் கிடைக்காது.