மனஸ்தாபத்தை விடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

மும்பைத் தமிழ்ச் சபைகளில் அண்ணன் முன்வரிசையிலும் தம்பி வாசலோரத்திலும் உட்கார்ந்திருப்பார்கள், ஆசீர்வாதம் கூறி முடிக்குமுன்பே ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். காரணம் பல நேரம் தாராவியில் அப்பா வாங்கிப்போட்ட ரூம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான், இடித்துக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபின் அது இன்னும் முற்றிவிட்டது. கேட்டால் இரண்டு பேருமே 'கர்த்தருக்குள் மன்னித்துவிட்டேன்' என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை, மன்னிக்கிற விதத்தில்தான் கோளாறு.

முதல் தவறு, சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்வது. இதற்கு வம்பு என்று பெயர் வைக்கமாட்டோம், ஜெபக்குறிப்பு என்போம். வீட்டுக் கூட்டத்தில் 'என் நாத்தனார் மனம் இளக ஜெபியுங்கள்' என்று ஆரம்பித்து, ஆமென் சொல்வதற்குள் அவள் கல்யாண நகையில் என்ன செய்தாள், மாமியாரிடம் என்ன போட்டுக்கொடுத்தாள் என்பதெல்லாம் வந்துவிடும், டீ வருவதற்குள் அது செம்பூர் வரை போய்விடும். மத்தேயு 18:15-ல் இயேசு சொல்வது, அவனிடத்தில் போ, நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு என்று. சபைக்குத் தெரியப்படுத்துவது 17-ம் வசனத்தில்தான் வருகிறது, மூன்றாவது படி. நாம் அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு முன்னால் 'யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்' என்று வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் ஒரே செய்தியைத் தட்டிவிடுவதும் இதே வகை. அது மன்னிப்பு கேட்பதில் சேராது.

அடுத்தது, 'அதெல்லாம் ஒன்றுமில்லை, விடுங்க' என்று காயத்தைச் சின்னதாக்குவது. மன்னிக்காத ஊழியக்காரன் உவமையில், ராஜா பதினாயிரம் தாலந்து கடனைத் தள்ளிவிட்ட ஊழியக்காரன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட இன்னொருவனை விடமாட்டான். அதில் பதினாயிரம் தாலந்தை மட்டும்தான் பிரசங்கங்களில் பெரிதாகச் சொல்கிறார்கள். பெரிய தொகைதான், ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி என்றால் மொத்தம் 6 கோடி நாள் கூலி. ஆனால் அந்த இன்னொருவன் கொடுக்கவேண்டிய நூறு வெள்ளிப்பணமும் லேசானதல்ல, மத்தேயு 20-ல் ஒரு பணம் ஒரு நாள் கூலி. மூன்று மாத வருமானம் போனால் இந்த ஊரில் வாடகை கொடுக்க முடியுமா? உனக்கு நடந்தது அற்பம் என்று இயேசு சொல்லவில்லை. நஷ்டம் நஷ்டம்தான், அதைத் தெரிந்தே விடுவதுதான் மன்னிப்பு. தனக்கு என்ன நடந்தது என்று வாய்விட்டுச் சொல்லாதவர், நான் பார்த்தவரை, பத்து வருடம் கழித்தும் அதே கதையைப் புதிதாகச் சொல்வார்.

மன்னித்தால் ஒரே வீட்டில், ஒரே உறவில் திரும்பவும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைப்பது இன்னொன்று, இதில் பெண்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அடிக்கிற புருஷனிடம் 'பொறுத்துப் போம்மா, ஏழெழுபது தரம் மன்னிக்க இயேசு சொன்னாரே' என்று திருப்பி அனுப்பும் பெரியவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தம்பி ஏமாற்றியதால் பிரிந்த அண்ணன் ஏசாவும் தம்பி யாக்கோபும் கட்டிப்பிடித்து அழுதார்கள், அப்புறம் ஒருவர் சேயீருக்கும் மற்றவர் சுக்கோத்துக்கும் போனார்கள். ரோமர் 12:18-ல் பவுலே 'கூடுமானால்' என்று ஆரம்பிக்கிறார். மன்னிப்பும் போலீஸ் புகாரும் சேர்ந்தே இருக்கலாம்.

ஒரு தடவை ஜெபித்ததும் மனசு லேசாகிவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம், திரும்ப வரும், திரும்ப விட வேண்டியதுதான். எதிர்ப்பக்கமும் உடனே நம்பாது. யோசேப்பை அடிமையாக விற்ற அண்ணன்மார், அவன் மன்னித்தபின் எகிப்தில் 17 வருடம் அவன் நிழலில் சாப்பிட்டும், அப்பா இறந்ததும் பழிவாங்குவானோ என்று நடுங்கினார்கள்.

ரூம் தகராறு மாதிரி காசு சம்பந்தப்பட்டதென்றால் கணக்கைத் தனியே எழுதிவைத்துப் பேசுங்கள், மன்னிப்பையும் பங்கையும் ஒரே பேச்சில் போட்டுக் குழப்பவேண்டாம். தனியாகப் பேசியும் நடக்கவில்லையா, அதே மத்தேயு 18-ல் 16-ம் வசனப்படி ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப்போகலாம். அதில் மச்சான் மட்டும் வேண்டாம், அவருக்கும் அந்த ரூமில் ஒரு கண் இருக்கும்.