பென்டாக்ஸ் கே1000: ஒளிக்கசிவை அடைத்த அனுபவம்

அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 கேமராவின் ஷட்டரைப் பழுதுநீக்கி வாங்கிய பின் எடுத்த வண்ண ஃபிலிம் சுருளில், படங்களின் ஓரமெங்கும் செம்மஞ்சள் கீற்றுகள் விழுந்திருந்தன. ஃபிலிமின் முதுகுப்புறமாக ஒளி புகுந்தால், அடியிலுள்ள சிவப்பை உணரும் அடுக்கே முதலில் பாதிக்கப்படும். ஆகவே கசிவு பின்கதவில்தான் என்பதை அந்த நிறமே காட்டிக்கொடுத்தது.

கதவைத் திறந்து பார்த்தபோது, ஒளியைத் தடுக்க வேண்டிய கறுப்பு நுரைப்பட்டை, அக்காலக் கேமராக்கள் பலவற்றிலும் வயதேறினால் ஆவதைப் போலவே, தார்போல் இளகிக் குச்சியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்குத்தும் குச்சியால், துணியாலான ஷட்டர் திரையில் ஒரு துகளும் விழாதபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, நுரை பதிந்திருந்த காடிகளை, அதாவது கதவோரப் பள்ளங்களை, சிறிது சிறிதாகச் சுரண்டினேன். இந்த வேலைக்குப் பொறுமையே முக்கியம். பிறகு காடிகளில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்து, கசிவு அதிகம் நேரும் கீல் பக்கத்தில் மட்டும் புதிய நுரைப்பட்டையை ஒட்டினேன். உள்ளே, படமெடுக்கும்போது மேலெழும் முகம்பார்க்கும் கண்ணாடி போன்ற பிரதிபலிப்புக் கண்ணாடி மோதும் இடத்து நுரையையும் மாற்றினேன்; அக்கண்ணாடியின் பூச்சு முன்பரப்பிலேயே இருப்பதால் அதில் விரல் படவே கூடாது.

அடுத்த வண்ணச் சுருளின் ஓரங்கள் சுத்தமாக வந்தன. எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஷட்டர் முழுக்க இயந்திர விசையால் இயங்குவது. எல்ஆர்44 பொத்தான் பேட்டரி, ஒளியின் அளவைக் காட்டும் ஒளிமானிக்கு மட்டுமே. ஒளிமானிக்குத் தனிச் சுவிட்சு இல்லாததால், படமெடுக்காதபோது பேட்டரி வீணாகாதிருக்க லென்ஸை மூடியே வைக்கிறேன்.