லேசர் பொருத்திய பின் சிக்கும் கைத்துப்பாக்கி: கோளாறைக் கண்டறியும் முறை

அமெரிக்காவில் சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருப்போர் பலர், வேறு நிறுவனம் தயாரித்த லேசர் குறிகாட்டியைப் பின்னர் வாங்கித் தாங்களே பொருத்திக்கொள்கிறார்கள். அதுவரை ஒழுங்காக இயங்கிய துப்பாக்கி அதன் பிறகு சிக்கத் தொடங்கினால், லேசர் எந்த உறுப்பைத் தொடுகிறது, எந்த உறுப்புக்கு மாற்றாக வந்திருக்கிறது, சுடுபவரின் பிடியை எவ்வாறு மாற்றியிருக்கிறது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். பரவலாகப் புழங்கும் மூன்றாம் தலைமுறை க்ளாக் 17 துப்பாக்கியை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: தோட்டாக்களை நீக்குதல்

முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கிய பெட்டியை, கழற்றுங்கள். அதன் பின்னரே ஸ்லைடை (துப்பாக்கியின் மேற்புறத்தில் முன்பின் ஓடும் பகுதியை) பின்னுக்கு இழுத்து நிறுத்தி, சேம்பர் (சுடப்படும் தோட்டா அமரும், குழலின் பின்பகுதி) காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் உறுதிசெய்யுங்கள். வரிசை மாறினால், மேகசினில் உள்ள அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். க்ளாக்கைப் பிரிப்பதற்கு டிரிகரை அழுத்தியே ஆக வேண்டும் என்பதால், இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுமாறு வற்புறுத்துகிறேன். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். லேசர் எரிகிறதா என்று அதன் துளைக்குள் ஒருபோதும் பார்க்காதீர்கள்.

இரண்டாம் படி: கோளாறைப் பெயரிட்டுக் குறித்தல்

ஸ்லைடு முழுமையாக மூடாமல் நிற்கிறதா, சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியேறாமல் மாட்டுகிறதா, மேகசினில் தோட்டா இருக்கும்போதே ஸ்லைடு திறந்து நிற்கிறதா, அல்லது கடைசித் தோட்டாவுக்குப் பின்னும் திறந்து நிற்க மறுக்கிறதா என்பதை, எந்த மேகசின், எந்தத் தோட்டா என்ற விவரத்துடன் எழுதிவையுங்கள். டிரிகரை அழுத்தியும் வெடிக்காவிட்டால், துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டியபடி குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். வழக்கத்தை விட மெல்லிய ஒலி கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கக்கூடும், அந்நிலையில் அடுத்த தோட்டாவைச் சுடுவது பேராபத்து.

மூன்றாம் படி: பழைய நிலைக்குத் திருப்புதல்

பெரும்பாலோர் தவிர்க்கும் படி இதுதான். ஆனால் விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது. லேசரைக் கழற்றி, துப்பாக்கியுடன் வந்த உறுப்புகளை மீண்டும் பொருத்தி, அதே தோட்டாக்களையும் அதே மேகசின்களையும் கொண்டு சுடுதளத்தில் சுட்டுப் பாருங்கள். கோளாறு தொடர்ந்தால் லேசரை விட்டுவிட்டு மேகசின், தோட்டா, அழுக்கு ஆகியவற்றை ஆராய வேண்டும். கோளாறு மறைந்தால் மட்டும் லேசரை மீண்டும் பொருத்தி அடுத்த படிக்குச் செல்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள்.

நான்காம் படி: லேசரின் வகைக்கேற்ப ஆராய்தல்

கைடு ராடு லேசர் (குழலுக்கு அடியில் ஸ்பிரிங்கைத் தாங்கும் தண்டுக்குள் அமைந்த லேசர்) என்றால் ஐயம் வலுவானது. ஏனெனில் அது ரீகாயில் ஸ்பிரிங் (பின்னுக்குச் சென்ற ஸ்லைடை முன்னே தள்ளும் ஸ்பிரிங்) தொகுதியையே மாற்றுகிறது, சில வகைகளில் துப்பாக்கியைப் பிரிக்க உதவும் நெம்புகோலும் லேசரின் சுவிட்சாக மாறுகிறது. துப்பாக்கி காலியாக இருப்பதை மறுபடி உறுதிசெய்து, பாதுகாப்பான திசையில் முனையை மேல்நோக்கிப் பிடித்து, டிரிகரை அழுத்தி அப்படியே வைத்தபடி ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து மெதுவாக முன்னே விடுங்கள். அது முழுமையாக மூட வேண்டும். பாதியில் நின்றால் ஸ்பிரிங் வலுவற்றது, அல்லது ராடு ஓரிடத்தில் உராய்கிறது. ராட்டின் மீதும் ஸ்லைடின் உட்புறத்திலும் புதிதாகத் தேய்ந்து பளபளக்கும் கோடு இருக்கிறதா என்று விளக்கொளியில் தேடுங்கள்.

ரெயிலில் (குழலுக்குக் கீழே சட்டகத்தில் உள்ள, துணைக்கருவி மாட்டும் பள்ளங்களில்) மாட்டும் லேசரில், திருகை அளவுக்கு மீறி முறுக்குவதே பொதுவான தவறு. பாலிமர் சட்டகம் நெகிழக்கூடியது. இறுக்கிப் பிழிந்தால் ஸ்லைடு ஓடும் இடைவெளி குறையக்கூடும். திருகைச் சற்றுத் தளர்த்தி, காலித் துப்பாக்கியில் ஸ்லைடின் ஓட்டம் மாறுகிறதா என்று கவனியுங்கள். திருகு கழலாமலிருக்கத் திரவப் பசை இடுவோர் உண்டு. அது சில பிளாஸ்டிக்குகளில் விரிசலை உண்டாக்கும் என்பதால் லேசர் தயாரிப்பாளரின் குறிப்பைப் படிக்காமல் இடாதீர்கள்.

1911 எனும் வேறொரு வகைக் கைத்துப்பாக்கியின் பிடிப்பலகை லேசர்களில் (கைப்பிடியின் பக்கப் பலகையில் அமைந்தவை) சிக்கல் வேறு. நீளம் மிகுந்த திருகு உள்ளே புகுந்து மேகசினை உரசும். வலப்பக்கமும் சேஃப்டி நெம்புகோல் உள்ள துப்பாக்கியில், அதற்குரிய பள்ளம் இல்லாத பலகை அதன் அசைவைத் தடுக்கும்.

ஐந்தாம் படி: கையைக் கவனித்தல்

லேசரின் சுவிட்சைத் தொடுவதற்காகப் பெருவிரல் இடம் மாறும்போது, அது ஸ்லைடு ஸ்டாப் நெம்புகோலை (ஸ்லைடைத் திறந்த நிலையில் நிறுத்தும் நெம்புகோலை) மேலே தள்ளினால் ஸ்லைடு இடையிலேயே திறந்து நிற்கும். கீழே அழுத்தினால் கடைசித் தோட்டாவுக்குப் பின் திறந்து நிற்காது. துப்பாக்கியில் ஒரு குறையும் இராது. அனுபவமுள்ள இன்னொருவரிடம் அதே துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொன்னால் இது தெளிவாகிவிடும்.

காரணம் தெரிந்து சரிசெய்த பிறகு, பயிற்சித் தோட்டாவில் மட்டுமன்றி, தற்காப்புக்கு ஏற்றிவைக்கும் தோட்டாவிலும் எல்லா மேகசின்களையும் சோதியுங்கள். லேசரைக் கழற்றினால் மட்டுமே துப்பாக்கி ஒழுங்காக இயங்குகிறது என்றால், ஸ்பிரிங்கை வெட்டவோ உறுப்புகளை அராவவோ முயலாமல், லேசரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அல்லது பயிற்சி பெற்ற துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடம் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.