முற்றத்துப் படுதாவை மாற்றும்போது நாம் செய்கிற தவறுகள்

எங்கள் காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் முழுசாகத் திறக்கப்படுகின்றன. படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று ஏதாவது வந்தால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து இறங்குவார்கள். அப்போதுதான் திறந்த முற்றத்துக்கு மேலே கட்டுகிற, உள் அறையில் சுருட்டி வைத்த படுதாவின் ஞாபகம் வரும். எடுத்து முற்றத்தில் விரித்தால் நாலு இடத்தில் எலி கடித்திருக்கும், மடிப்பு ஓரமெல்லாம் தொட்டால் உதிரும். விசேஷத்துக்கு மூன்று நாள்தான் இருக்கும். அந்த அவசரத்தில் எடுக்கிற முடிவுகள்தான் பின்னால் படுத்தி எடுக்கின்றன.

முதல் தவறு, பழைய படுதாவையே அளவுக்கு வைத்து வெட்டுவது. பத்து வருஷம் காற்றிலும் வெயிலிலும் இழுபட்ட துணி அது. நடுவில் தொய்ந்து, கயிறு கட்டிய மூலைகள் நீண்டு போயிருக்கும். அதன் மேல் புதுத் துணியைப் போட்டு வெட்டினால், புதிதும் முதல் நாளே வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். மேலே ஏறி முற்றத்தின் வாயைத்தான் அளக்க வேண்டும். நாலு பக்கம் மட்டும் போதாது, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவும் எடுங்கள். அவை இரண்டும் ஒத்து வராவிட்டால் முற்றம் சரிசதுரம் இல்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ஒரு சாண் வித்தியாசம் இருந்தது. கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, அப்புறம் என்ன செய்ய. காடா என்கிற முரட்டுப் பருத்தித் துணி அல்லது கித்தான் (கேன்வாஸ்) என்றால் தண்ணீர் பட்டுச் சுருங்கும். நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுவது நல்லது. தார்ப்பாய் அப்படிச் சுருங்காது, ஆனால் வெயிலில் இளகித் தொய்யும். அதனால் கயிற்றை மதியம் ஒருமுறை இழுத்துக் கட்ட ஆள் வேண்டும்.

இருட்டாக்குகிற விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். அம்மானுக்கு அறுபது வந்தபோது, பழைய போட்டோக்களை எல்லாம் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டில், திரை கட்டிப் புரொஜெக்டரில் காட்டலாம் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். பகல் பதினோரு மணி, திரையில் ஒன்றும் தெரியவில்லை. "பச்சை வலை ஒண்ணு போட்டிருக்கே, இன்னொண்ணு போட்டா இருட்டாயிடும்" என்றார் ஒருவர். நிழல்வலையில் 50 சதவீதம், 75 சதவீதம் என்று போட்டிருப்பது அது தடுக்கிற வெளிச்சத்தின் அளவு. ஐம்பதும் ஐம்பதும் சேர்ந்து நூறாகி விடாது. முதல் வலை பாதியை விடும், அந்தப் பாதியில் பாதியை இரண்டாவது விடும். ஆக, கால்வாசி வெளிச்சம் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். திறந்த வானத்தின் கால்வாசி என்பது புரொஜெக்டருக்கு ரொம்ப ரொம்ப அதிகம்.

அடுத்த யோசனை இன்னும் மோசம்: இருக்கிற வெள்ளைத் தார்ப்பாய்க்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பது. தார்ப்பாய் பாலித்தீன். அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் ஒழுங்காகப் பிடிக்காது. காய்ந்ததும் மடிப்பில் வெடித்து, பந்தியில் இலை மேல் செதில் செதிலாக உதிரும். பாலியஸ்டர் துணியை வீட்டில் சாயம் போட்டுக் கறுப்பாக்கலாம் என்று நினைப்பதும் வீண் வேலை. பருத்திக்குப் போடுகிற சாயம் அதில் ஏறாது. ஆலைகளில் அதற்கென்று வேறு சாயம் வைத்து, அழுத்தத்தில் 130 டிகிரிச் சூட்டில் ஏற்றுகிறார்கள். நம் அண்டாவில் அது நடக்காது. சாயம் போட்டே தீர வேண்டும் என்றால் பருத்திக் காடா மட்டும்தான் வழி.

நான் பார்த்தவரை சரியாக அமைவது இரண்டு அடுக்கு. மேலே வெள்ளை அல்லது வெள்ளி நிறம், வெயிலைத் திருப்பி அனுப்ப. ஒன்றரை அடி கீழே கறுப்புக் காடா, வெளிச்சத்தை விழுங்க. நடுவில் காற்று ஓட வேண்டும். கறுப்பை மட்டும் மேலே போட்டால் அது சூட்டையும் சேர்த்து வாங்கிக் கீழே கொட்டும். முற்றத்தை ஒட்டிய பட்டாசாலையில் உட்கார முடியாது. கனடாவில் இருக்கும் அம்மான் மகன் ஒரு விஷயம் சொன்னான். அங்கே உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் சின்னக் கூடாரத்தின் துணியைக் கறுப்பாக வைத்துக்கொள்வார்களாம். உள்ளே இருட்டாக இருந்தால்தான் துளை வழியே தண்ணீருக்குள் கண் கூசாமல் பார்க்க முடியும். கறுப்பு பிடித்துத் தருகிற வெயில் சூடும் அவர்களுக்குக் கொடுப்பினை. அதே கறுப்பு வைகாசி மாதத்துக் காரைக்குடியில் வினை. ஆனால் அவர்களுக்கும் நமக்கும் ஒரு தவறு பொது: துணி எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் ஓரத்தில் இடைவெளி விட்டால் இருட்டு வராது. நம் வீடுகளில் இது கூடுதல் தொல்லை. சுண்ணாம்புச் சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்குமல்லவா, ஓரத்தில் நுழைகிற ஒரு கீற்று அதில் பட்டு வளவு முழுக்கப் பரவிவிடும். அதனால் கறுப்புத் துணி முற்றத்து வாயைவிடச் சுற்றிலும் ஒரு அடியாவது கூடுதலாக இருந்து, தாழ்வாரத்துக்குள் இறங்கித் தொங்க வேண்டும்.

நீல நிறத் தார்ப்பாய் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அதன் கீழே மாப்பிள்ளை முகம், மல்லிகைப் பூ, இலையில் சோறு எல்லாமே நீலம் பாய்ந்து தெரியும். போட்டோக்காரர் பிறகு கம்ப்யூட்டரில் எவ்வளவு திருத்தினாலும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

தையலைப் பற்றிச் சுருக்கமாக: பருத்தி நூலில் தைக்க விடாதீர்கள், இரண்டு மழையில் இற்றுவிடும். பாலியஸ்டர் நூல்தான் தாங்கும். ஓரத்தை மடித்து உள்ளே கயிறு வைத்துத் தைத்து, அந்த மடிப்பில் கண் (கயிறு கோக்கிற உலோக வளையம்) அடிக்கச் சொல்லுங்கள். ஒற்றைத் துணியில் அடித்த கண், முதல் காற்றிலேயே துணியோடு பிய்த்துக்கொண்டு வரும். இரும்புக் கண் துருவேறித் துணியை அரிக்கும். பித்தளைக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

மழையை மறந்து தட்டையாகக் கட்டுவது வேறு கதை. சித்திரை, வைகாசியில் மாலை இடி மழை சொல்லாமல் வரும். இருபதுக்கு இருபது அடி முற்றத்தில் ஒரு அங்குல மழை அப்படியே படுதாவில் தேங்கினால் எடை 900 கிலோவைத் தாண்டும். கயிறு அறுந்தால் கீழே பந்தியில் இருப்பவர்கள் கதி என்ன? நடுவே ஒரு கம்பிவடம் இழுத்து, அதன் மேல் துணியைப் போட்டு இரு பக்கமும் சரிவு கொடுங்கள். ஐந்து அடிக்கு ஒரு அடி இறக்கம் இருந்தால் தண்ணீர் நிற்காது. கயிற்றைக் கட்ட ஆணி தேடிச் சுவரைத் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்தச் சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை வெடித்தால் அதே கைவேலை தெரிந்த ஆளை இன்று தேடிப் பிடிப்பது சுலபமில்லை. தூணைச் சுற்றிச் சாக்கு மடித்து வைத்து, அதன் மேல் கயிற்றைச் சுற்றினால் தேக்கிலும் கீறல் விழாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு முற்றத்தை மூடி போட்ட மாதிரி அடைத்துவிடுவது. வெளிச்சத்துக்கும் மழைக்கும் மட்டும் முற்றம் வைக்கவில்லை. வீட்டுச் சூடெல்லாம் அதன் வழியாகத்தான் மேலே போகிறது. படுதாவைக் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் முந்நூறு பேர் மூச்சும் விளக்குச் சூடும் வளவிலேயே நிற்கும். மேல் படுதாவைக் கூரை விளிம்புக்கு இரண்டடி மேலே தூக்கிக் கட்டுங்கள். கீழ் அடுக்கின் தொங்கல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும், காற்று வளைந்து வெளியேறும். ஏரிக் கூடாரத்திலும் அடுப்பு மூட்டுகிறவர்கள் காற்றுக்கு வழி விடாவிட்டால் நச்சு வாயுவில் உயிரே போய்விடும் என்கிறான் அம்மான் மகன். சமையல் நடக்கிற பின்கட்டு முற்றத்துக்குத் தார்ப்பாயோ நிழல்வலையோ வேண்டவே வேண்டாம். பாலித்தீன் 130 டிகிரி வாக்கில் உருகிச் சொட்டும், தீயும் பிடிக்கும். அடுப்புக்கு மேலே நெருப்புப் பிடிக்காத தகரக் கூரைதான். அதுவும் உயரத்தில், பக்கங்கள் திறந்தபடி.

விசேஷம் முடிந்த அன்றைக்கே ஈரத்தோடு சுருட்டி அறைக்குள் தள்ளாதீர்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு சுருட்டி, தரையில் போடாமல் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டால் எலிக்கு எட்டாது. முற்றத்தின் ஆறு அளவையும், எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்பதையும் ஒரு அட்டையில் எழுதி அதிலேயே கட்டிவிடுங்கள். அடுத்த முறை கதவு திறக்கும்போது அளந்தவர் ஊரில் இருப்பாரோ என்னவோ.