சுமை சைக்கிளுக்கு ஒரு மூங்கில் கழி

ஒற்றையடிப் பாதையில் மூட்டை கொண்டுபோகத் தள்ளுவண்டி தேடாதீர்கள். பழைய சைக்கிளில் சுமையைக் கட்டி, இடப்பக்க ஹேண்டில்பாரோடு சேர்த்து மூன்றடி மூங்கில் கழியை வெளியே நீட்டிக் கட்டுங்கள். சீட் குழாயில் நிமிர்ந்தபடி இன்னொரு கழி. ஒரு கை திருப்ப, மறு கை தள்ள. ஏறி ஓட்டக் கூடாது, கூடவே நடக்க வேண்டும். பெடலைக் கழற்றிவிட்டால் காலில் இடிக்காது.

எடையைச் சக்கரம் சுமக்கிறது. சாயாமல் பிடித்து நகர்த்துவதுதான் உங்கள் வேலை. மூட்டை பக்கவாட்டில் துருத்தினாலும் கழி கைக்கு எட்டும், நீளம் கூடுவதால் திருப்பவும் குறைந்த பலம் போதும். 1954இல் தியன் பியன் பூ போர்முனைக்கு வியட்நாமியர் மலைப்பாதையில் ஒரு சைக்கிளுக்கு 200 கிலோ அளவில் அரிசியும் தளவாடமும் இப்படித்தான் தள்ளிப்போனார்கள். அவர்கள் சைக்கிளின் ஃபிரேமைப் பலப்படுத்தியிருந்தார்கள்; வீட்டுச் சைக்கிளுக்கு 50, 60 கிலோ போதும். கனமானதைத் தாழ்வாக, இரு பக்கமும் சமமாகத் தொங்கவிடுங்கள். கேரியர் மேல் அடுக்கினால் கவிழும்.

அகலமான தார்ச்சாலையில் தள்ளுவண்டியே மேல், மூச்சு வாங்க நின்றால் அது சாயாது. ஆற்று மணலில் இரண்டுமே புதையும், அங்கே தலைச்சுமைதான். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், பின்னாலிருந்து ஒருவர் கயிறு பிடித்து வரட்டும்.