ஜோஷுவா ட்ரீயில் ஒரு பகல் நடை: முதல்முறை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

மேற்குத் தொடர்ச்சி மலையில் ட்ரெக்கிங் போய்ப் பழகியவர்களுக்குப் பாலைவனம் முதல் பார்வையில் சுலபமாகத் தெரியும். அட்டைக் கடி இல்லை, சேறு இல்லை, ஏறவேண்டிய குன்று முழுசாகக் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் நம் மலையில் வழியில் ஓடை வரும், மரநிழல் வரும். இங்கே அநேகமாக இரண்டுமே கிடையாது. அதனால் பாலைவன நடைக்குத் தூரத்தைவிடத் தண்ணீரும் நேரமும்தான் முதல் கணக்கு.

கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவை வைத்தே விளக்குகிறேன். லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே சுமார் 140 மைல். முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்ற இடம். சின்னச் சின்ன நடைகள் நிறைய உண்டு. பலகைகளில் எல்லாம் மைலும் அடியும்தான் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். 1 மைல் என்றால் 1.6 கிலோமீட்டர்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்லது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பகல் வெப்பம் சராசரியாக 29 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். குளிர்காலத்தில் பகலில் 15 டிகிரி, இரவில் உறைநிலை. கோடையில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கோடை விடுமுறையில்தான் வரமுடியும் என்றால், காலை பத்து மணிக்கு முன்னால் நடையை முடித்துவிடுங்கள்; மாலை நாலு மணிவரை மறுபடி இறங்காதீர்கள். 'நாங்க சென்னை வெயிலையே பார்த்தவங்க' என்ற வாதம் இங்கே செல்லாது. சென்னையில் வியர்வை ஒட்டிக்கொண்டு நிற்பதால் எவ்வளவு போகிறது என்று தெரியும். இந்த வறண்ட காற்றில் வியர்வை வந்தவுடனே ஆவியாகிவிடும். சட்டை நனையாது, ஆனால் உடம்பு காய்ந்துகொண்டே இருக்கும்.

படி 2: நடையைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் பூங்காவில் இரண்டு பாலைவனங்கள் சந்திக்கின்றன. மேற்குப் பாதி மொஹாவி: உயரமான நிலம், சற்றுக் குளிர்ச்சி, ஜோஷுவா மரங்கள் எல்லாம் இங்கேதான். கிழக்குப் பாதி கொலராடோ பாலைவனம்: தாழ்ந்த நிலம், அதனால் சூடும் அதிகம். முதல் தடவை மேற்கிலேயே இருங்கள்.

ஹிட்டன் வேலி சுற்று 1 மைல், பார்க்கர் டேம் சுற்று சுமார் 1.1 மைல். இரண்டும் ஏறக்குறைய சமதளம், குழந்தைகளோடும் போகலாம். பழகிய பிறகு ரயன் மவுன்டன்: போய்வர 3 மைல், ஏற்றம் சுமார் 1,050 அடி, உச்சி 5,457 அடி. ஒரே நடைதான் முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். மேலே நின்றால் பாறைக்குவியல்களும் மரங்கள் புள்ளி புள்ளியாக நிற்கும் சமவெளியும் சுற்றிலும் தெரியும்.

தெற்கே காட்டன்வுட் பக்கம் லாஸ்ட் பாம்ஸ் ஓயசிஸ் என்ற பாலைவனச் சோலை, போய்வர 7.5 மைல். பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு முதல் நாளே கிளம்பாதீர்கள். கடைசியில் பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். திரும்பும்போது தண்ணீர் குறைந்து, வெயில் ஏறிய நேரத்தில் அதே இறக்கம் ஏற்றமாகிவிடும். எந்த நடையை எடுத்தாலும் மொத்த ஏற்றம் எவ்வளவு என்பதோடு, அது போகும்போதா திரும்பும்போதா என்றும் பாருங்கள்.

படி 3: நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

புதிதாக நடப்பவருக்கு மணிக்கு 2 மைல் என்று வையுங்கள். ஒவ்வொரு 1,000 அடி ஏற்றத்துக்கும் அரைமணி கூட்டுங்கள். ரயன் மவுன்டனுக்கு ஒன்றரை மணியும் அரைமணியும் சேர்த்து இரண்டு மணி. உச்சியில் உட்கார அரைமணி. ஆக இரண்டரை மணி நேரம். இப்போது எத்தனை மணிக்கு வண்டிக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்று முடிவு செய்து பின்னோக்கி வாருங்கள். வெயில் காலத்தில் அந்த எல்லை காலை பத்து மணி. டிசம்பரில் எல்லை சூரிய அஸ்தமனம். மாலை நாலரையை ஒட்டியே பொழுது சாய்ந்துவிடும்.

காலையில் சீக்கிரம் போக இன்னொரு காரணம் பார்க்கிங். சீசன் வார இறுதிகளில் மேற்கு வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும். பிரபலமான நடைகளின் பார்க்கிங் முன்பே நிறைந்துவிடும். ட்வென்டிநைன் பாம்ஸ் ஊரின் வடக்கு வாசலில் பெரும்பாலும் கூட்டம் குறைவு. கொஞ்சம் சுற்றுதான், ஆனாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

படி 4: தண்ணீர்

பூங்காவுக்குள் கடை இல்லை, பெட்ரோல் இல்லை. குடிநீர்க் குழாய்கள் மேற்கு வாசல், பிளாக் ராக், காட்டன்வுட் போன்ற ஓர இடங்களில் மட்டுமே. நடுவில் ஒன்றும் கிடையாது. எல்லாத் தண்ணீரும் உங்களோடுதான் வரவேண்டும்.

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர். வெயிலில் கடினமாக நடந்தால் இரண்டு கேலன். நடக்கும்போது மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் என்று கணக்கிட்டுப் பையில் எடுத்துக்கொண்டு, மீதியை வண்டியில் வையுங்கள். ஒரே பெரிய பாட்டிலைவிட இரண்டு மூன்று சின்ன பாட்டில்கள் மேல். ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும். சேமித்து வைக்கிறேன் என்று குடிக்காமல் நடக்காதீர்கள். பாதித் தண்ணீர் தீர்ந்துவிட்டதா, உச்சி இன்னும் பத்து நிமிடம்தான் என்றாலும் திரும்புங்கள். கிளம்புவதற்கு முன்னாலேயே கூட வருகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பாதி மலையில் வைத்துப் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். நம் வீட்டுச் சாப்பாடு இதற்கு அருமை: புளிசாதம், உப்புக்கடலை, முறுக்கு, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு. தயிர்சாதம் வேண்டாம், சூடான வண்டிக்குள் அதன் கதி தெரியுமே.

படி 5: பை

அகல விளிம்புத் தொப்பி, முழுக்கை வைத்த தளர்வான வெளிர்நிறச் சட்டை, பிடிமானமுள்ள மூடிய ஷூ, சன்ஸ்கிரீன், டார்ச், கொஞ்சம் முதலுதவி. குளிர்காலமென்றால் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். உச்சியில் அடிக்கும் காற்று சும்மா விடாது. அப்புறம், ஒரு சீப்பு. சிரிக்காதீர்கள். சோயா (cholla) என்றொரு கள்ளி உண்டு. லேசாக உரசினாலே அதன் முள்ளுருண்டை கழன்று தோலில் ஒட்டிக்கொள்ளும். விரலால் பிடுங்கப் போனால் விரலிலும் ஏறும். சீப்பை இடையில் விட்டு நெம்பித் தள்ளிவிட வேண்டும்.

படி 6: சிக்னல் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்

பூங்காவின் பெரும்பகுதியில் போன் எடுக்காது. தேசியப் பூங்காத் துறையின் ஆப்பில் இந்தப் பூங்காவை வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். காகித வரைபடமும் வாசலில் கிடைக்கும். எந்த நடை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவருக்கு மெசேஜாக அனுப்பிவிடுங்கள். வாரத் தொடக்கத்தில் ஒருமுறை, முந்தின நாள் இரவு ஒருமுறை பூங்காவின் இணையதளத்தில் எச்சரிக்கைகளையும் கட்டணத்தையும் பாருங்கள். நாயை அழைத்துவரத் திட்டமா? நடைபாதைகளில் அனுமதி கிடையாது.

படி 7: நடக்கும்போது

வழி தவறுவது பெரும்பாலும் வறண்ட ஓடைகளில்தான். மணல் படுகை பார்ப்பதற்குப் பாதை மாதிரியே இருக்கும். ஓடையைக் கடக்கும்போதெல்லாம் எதிர்க்கரையில் பாதை எங்கே தொடர்கிறது என்று தேடுங்கள்; அவ்வப்போது திரும்பிப் பார்த்து, வரும்போது எப்படித் தெரியும் என்று மனதில் பதியுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை எங்கோ தூரத்தில் பெய்த மழைகூட இந்த ஓடைகளில் திடீர் வெள்ளமாக வரும். பாறைகளில் ஏறுவது சுலபம், இறங்கும்போதுதான் கால் நடுங்கும். பழைய தங்கச் சுரங்கங்களைக் கண்டால் வெளியே நின்று பார்த்ததோடு சரி.

கூட வருகிறவர் பேச்சில் தடுமாறினால், குழப்பமாக நடந்துகொண்டால் அது வெறும் களைப்பு இல்லை. கிடைக்கிற நிழலில் உட்கார வைத்து, உடம்பை நனைத்து, விசிறிவிட்டு, உடனே உதவிக்கு ஆள் அனுப்புங்கள். ஹிட்டன் வேலி அருகே இன்டர்செக்‌ஷன் ராக் பார்க்கிங்கில் அவசரத் தொலைபேசி இருக்கிறது.

நடை முடிந்து வண்டியை எடுப்பதற்கு முன் குனிந்து அடியில் பாருங்கள். பாலைவன ஆமைகள் நிழலுக்காக வண்டிக்கு அடியில் வந்து படுப்பதுண்டு. இருந்தால் கையால் தூக்காதீர்கள். பயந்துபோனால் மாதக்கணக்கில் சேர்த்து வைத்த நீரைச் சிறுநீராக வெளியேற்றிவிடும், அதுவே அதன் உயிருக்கு ஆபத்து. தானாக நகரும்வரை காத்திருங்கள். அதற்குத்தான் வண்டியில் மீதித் தண்ணீர் இருக்கிறதே.