ஸ்ட்ரைப்பருக்கு இரை கோர்க்கிறீர்களா? முள்ளின் வாயை அடைக்காதீர்கள்

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை. நியூஜெர்சியின் கிளிஃப்வுட் பீச்சில் எனக்கு இடப்பக்கம் மூன்று தமிழ்ப் பையன்கள் மணலில் தூண்டில் ராடு நட்டு நின்றார்கள். ராரிட்டன் விரிகுடாவுக்கு அதுதான் பருவம். ஆழம் குறைந்த சேற்றுத்தரை வெயிலில் சீக்கிரம் சூடேறிவிடும். ஹட்சன் ஆற்றுக்கு முட்டையிடப் போகும் ஸ்ட்ரைப்பர்கள் (உடலில் கோடுகள் ஓடும் ஸ்ட்ரைப்டு பாஸ் மீன்கள்) போகிற வழியில் இங்கே வந்து மேயும். ஒரு மணி நேரத்துக்குள் நடுவில் நின்றவனின் ராடு மூன்று முறை வளைந்தது. மூன்று முறையும் ஓடிப்போய்ப் பிடுங்கி, தலைக்கு மேலே ஒரு சுண்டு சுண்டினான். மூன்று முறையும் இரை மட்டும் திரும்பி வந்தது.

“கடிக்குது அண்ணா, மாட்ட மாட்டேங்குது” என்றான்.

அவன் தூண்டில் நரம்பைப் பிடித்து நுனியைப் பார்த்தேன். முள்ளையே காணோம். கைப்பிடி அளவு மீன் துண்டுக்குள் முழுசாகப் புதைந்து கிடந்தது. 2016இல் இதே மணலில் நான் ஒரு வசந்தம் முழுக்கச் செய்ததும் இதைத்தான். அன்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முடிச்சை ஈரப்படுத்தி இறுக்குங்கள், ரீலின் டிராகை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) சரிபாருங்கள் என்பதெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். மற்ற தவறுகள் கீழே, தலைப்புக்கு ஒன்று.

வட்ட முள்ளை இரைக்குள் புதைப்பது

2021 முதல் அட்லாண்டிக் கரை நெடுகிலும் மீன், மட்டி, புழு என்று இயற்கை இரை போட்டு ஸ்ட்ரைப்பர் பிடிப்பவர்கள் வட்ட முள்தான் கட்ட வேண்டும் என்பது சட்டம். கடையில் சர்க்கிள் ஹுக் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் நாமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சாதாரண முள்ளின் முனை மேலே பார்க்கும். எதில் பட்டாலும் குத்தும். வட்ட முள்ளின் முனை உள்பக்கம் மடங்கித் தன் தண்டையே பார்த்துக்கொண்டிருக்கும். மீன் இரையை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடும்போது நரம்பு இறுகும். முள் தொண்டையில் எதையும் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வாயோரத்துக்கு வந்ததும், முனைக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிக்குள் தாடையின் விளிம்பு நுழையும். அந்த இடத்தில் முள் புரண்டு கடைவாயில் மாட்டிக்கொள்ளும். அதை மாட்டவைப்பது மீனின் ஓட்டம்; நம் கை இல்லை.

அந்த இடைவெளியைத்தான் முள்ளின் வாய் என்கிறேன். அதில் சதையைத் திணித்துவிட்டால் தாடை எங்கே போய் நுழையும்? மீன் இரையைக் கவ்விக்கொண்டு பத்தடி ஓடும், ராடு வளையும், அப்புறம் துப்பிவிடும். அந்தப் பையனுக்கு நடந்தது அதுதான்.

இங்கே பெரும்பாலும் போடும் இரை பங்கர். புத்தகப் பெயர் மென்ஹேடன். நம் மத்திக்கு உறவு, தொட்டால் கையெல்லாம் எண்ணெய். தோல் வலுவானது, செதில் கெட்டி. முதலில் செதிலைச் சுரண்டிவிடுங்கள். முனையில் ஒரே ஒரு செதில் செருகிக்கொண்டாலும் முள் மொட்டைதான். வால் துண்டு நீரோட்டத்தில் சுழலும்; அதை ஒதுக்கிவிடுங்கள். உடலைக் குறுக்காக இரண்டு விரல் தடிமனில் வெட்டுங்கள். முதுகுப் பக்கம், நடுமுள்ளுக்கு மேலே, ஒரே ஒரு முறை குத்தி வெளியே எடுங்கள். புரோட்டாவை மடிப்பது போல மடித்து மடித்துக் கோர்க்க வேண்டாம். ஒரு குத்தில் இரை நிற்காது என்று பயப்படுகிறோம். நிற்கும், பங்கரின் தோலே பிடித்துக்கொள்ளும். தலைத் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது: கீழ்த்தாடைக்கு அடியில் குத்தி மூக்கு வழியாக எடுத்தால் நண்டு எவ்வளவு அரித்தாலும் கழன்று போகாது.

கோர்த்து முடித்ததும் சுண்டுவிரல் நுனியை முனைக்கும் சதைக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். இடம் இருந்தால் எறியலாம். இல்லையென்றால் துண்டைச் சின்னதாக்குங்கள், அல்லது முள்ளைப் பெரிதாக்குங்கள். பங்கர் துண்டுக்கு நான் 8/0 அளவு முள் கட்டுகிறேன், மட்டிக்கு 6/0. எறிந்து தண்ணீரில் விழும் வேகத்தில் இரை சறுக்கி வளைவுக்குள் திரண்டுகொள்வதும் உண்டு. அதனால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை சுருட்டிப் பார்த்துவிடுவேன்.

மட்டி வேறு மாதிரி. சதை கொழகொழவென்று இருக்கும், எறிந்தால் பறந்துவிடும். நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான பகுதியில் முள்ளை ஏற்றி, மீதியைத் தண்டோடு சேர்த்து மெல்லிய எலாஸ்டிக் நூலால் சுற்றுங்கள். நூல் தண்டில் மட்டும் இருக்கட்டும், வளைவுப் பக்கம் வர வேண்டாம்.

அடுத்தது அந்தச் சுண்டு. ஊர்க் குளத்தில் மண்புழு கோர்த்து, தக்கை அமிழ்ந்ததும் சட்டென்று சுண்டிப் பழகிய கை என்னுடையது. அங்கே அதுதான் சரி. இங்கே அப்படிச் சுண்டினால் முள் புரளுவதற்கு முன்பே வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். ராடு நுனி இரண்டு முறை தலையாட்டும், தொடாதீர்கள். முழுசாக வளைந்து, வளைந்தபடியே நிற்கும். அப்போது ராடை எடுத்து, சுண்டாமல், சுருட்ட ஆரம்பியுங்கள். ராடுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கையைக் கட்டிக்கொண்டிருப்பது இந்த மீன்பிடிப்பில் கற்றுக்கொள்ள மிகக் கடினமான விஷயம்.

இந்த விஷயத்தில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று இருக்கிறது. 2024 மே மாதம், அவசரத்தில் ஒரு பாக்கெட் வட்ட முள் வாங்கினேன். மேலே சர்க்கிள் என்றுதான் அச்சிட்டிருந்தது. முனை பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்று மாலை இருட்டும் நேரத்தில் 40 அங்குலத்துக்கு மேல் ஒரு பெண் மீன் வந்தது. வயிறு சினையோடு உப்பியிருந்தது. வாய்க்குள் டார்ச் அடித்தேன். முள் கண்ணுக்கே தெரியவில்லை, லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு) தொண்டைக்குள் இறங்கிப் போயிருந்தது. சாய்ந்த முனை வழுக்கி வெளியே வராமல் உள்ளேயே குத்திவிட்டது. அப்போது நான் அடுத்த தவறையும் செய்தேன். லீடரை வாயோரமாக வெட்டிவிட்டிருக்க வேண்டும். குறடை உள்ளே விட்டுத் துழாவினேன். செவுளிலிருந்து ரத்தம் வழிந்தது. முழங்கால் தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். வாலில் உயிர் வரவே இல்லை. 28 முதல் 31 அங்குலம் வரை உள்ள ஒரே ஒரு மீனைத்தான் ஒரு நாளைக்கு எடுத்துப்போகலாம். பெரியதை விட்டாக வேண்டும். விட்டேன். வெள்ளை வயிறு மேலே தெரிய, அலையோடு மெல்ல விலகிப் போயிற்று.

பல லட்சம் முட்டைகளோடு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த மீன் அது. செசபீக் விரிகுடாவில் மேரிலாந்து மாநிலம் ஆண்டுதோறும் எடுக்கும் குஞ்சுக் கணக்கு 2019 முதல் 2024 வரை ஓர் ஆண்டு கூடச் சராசரியைத் தொடவில்லை. பிடித்து விடும் மீன்களில் நூற்றுக்கு ஒன்பது பிறகு செத்துப்போகும் என்று வைத்துத்தான் மாநிலங்களின் கூட்டு மீன்வள ஆணையம் கணக்குப் போடுகிறது. அந்த ஒன்பதில் ஒன்று என் கையால் போனது. முப்பது நொடிச் சோதனையில் தவிர்த்திருக்கலாம்: முள்ளை மேசைமேல் படுக்க வையுங்கள். தட்டையாகப் படுத்தால் வாங்குங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் அது வட்ட முள்ளே இல்லை. சட்டமும் சாயாத முனையைத்தான் கேட்கிறது. பாக்கெட்டைத் திறக்காமலே பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த இரண்டு வகை முட்களையும் கடைகளில் தனித்தனியாகப் பிரித்து வைக்காமல் ஒரே கம்பியில் தொங்கவிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

சரி, அந்தப் பையனின் கதைக்கு வருகிறேன். துண்டைப் பாதியாக வெட்டி, முதுகில் ஒரு குத்துக் குத்தி, முனையை வெளியே விட்டுக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து ராடு வளைந்தது. “தொடாதே தம்பி” என்றேன். அவன் இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். ராடு அடியிலிருந்தே வளைந்து டிராக் கத்திய பிறகுதான் எடுத்தான். 33 அங்குலம். முள் கடைவாயில், வெளியிலிருந்தே தெரிந்தது. இரண்டு விரலால் திருப்பி எடுத்துவிட்டோம். தண்ணீரில் வைத்ததும் வாலால் அவன் முகத்தில் அடித்துவிட்டுப் போயிற்று.

குண்டை அசையாமல் கட்டுவது

ஈயக்குண்டு நரம்பில் நகர வேண்டும். குண்டு ஓடும் குழாயை நரம்பில் ஏற்றி, கீழே ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு), அதற்குக் கீழே 40 பவுண்டு லீடர், கடைசியில் முள். மீன் இரையை இழுத்தால் நரம்பு குழாய் வழியாக ஓடும். குண்டின் கனம் அதற்குத் தெரியாது. லீடரை நீளமாக விட்டால் நல்லது என்று மூன்றடி, நான்கடி விடுகிறார்கள். எறியும்போது இரை ராட்டினம் மாதிரி சுற்றி நரம்போடு பின்னிக்கொள்கிறது. மீனும் ஆழமாக விழுங்குகிறது. ஒன்றரை அடி போதும். அலை இருக்கும் கரையில் பிரமிடு வடிவக் குண்டு மணலில் பிடிக்கும். விரிகுடாவுக்கு 4 அவுன்ஸ், ஐலண்ட் பீச் மாதிரி திறந்த கடலோரத்துக்கு 6 அல்லது 8.

உறைந்த பங்கர்

கூழாகிவிடும். புதியது கிடைக்காத நாளில் மட்டி வாங்குங்கள்.

வாரிப் பிடித்த பங்கரை அதே முள்ளோடு விடுவது

மூன்று முனை முள்ளால் பங்கர் கூட்டத்தை வாரி ஒன்றைப் பிடிக்கலாம். அப்படியே தண்ணீரில் விட்டு ஸ்ட்ரைப்பருக்குக் காத்திருக்கக் கூடாது, அது சட்டவிரோதம். கரைக்கு இழுத்து, வட்ட முள்ளுக்கு மாற்றி விடுங்கள்.

ரப்பர் மீனைக் கோணலாகக் கோர்ப்பது

லூர் (செயற்கை இரை) பக்கம் வந்தால் புதியவர்களிடம் அதிகம் பார்ப்பது இது. ஈயத்தலை முள்ளில் ஏற்றும் ரப்பர் மீன், வால் மட்டும் ஆட வேண்டும். முள் அரை சென்டிமீட்டர் தள்ளி வெளியே வந்தாலும் உடல் வளைந்து, இழுக்கும்போது சுழல ஆரம்பிக்கும். சுழலும் மீனை ஸ்ட்ரைப்பர் தொடுவது அபூர்வம். நரம்பும் முறுக்கேறிக் கடைசியில் குருவிக்கூடு ஆகிவிடும்.

குத்துவதற்கு முன் முள்ளை ரப்பர் மீனின் பக்கத்தில் வைத்து, வளைவு எங்கே வருகிறதோ அங்கே முதுகில் நகத்தால் ஒரு கோடு போடுங்கள். மூக்கின் நட்டநடுவில் குத்தி, அச்சு வார்த்த தையல் கோடு முதுகில் தெரியும் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டே போய், நகக்கோட்டில் வெளியே எடுங்கள். உடல் சுருங்கியோ இழுபட்டோ நிற்கக் கூடாது. தவறினால் அதே மீனில் இரண்டாவது ஓட்டை போடாதீர்கள். அது பழைய ஓட்டைக்கே வழுக்கிப் போகும். எறிவதற்கு முன் காலடியில் இரண்டு அடி இழுத்துப் பாருங்கள். நேராக நீந்தினால் எறியுங்கள்.

லூரின் மூக்கில் ஸ்விவல்

வேண்டாம். மூக்கில் வெறும் கிளிப். ஸ்விவல் லீடரின் மேல் நுனியில்.

மூன்று முனை முள்ளை யோசிக்காமல் மாற்றுவது

மிதக்கும் லூர்களில் இருக்கும் மூன்று முனை முட்களைக் கழற்றி ஒற்றை முள் போடுவதை நான் ஆதரிக்கிறேன். துள்ளும் மீனின் வாயில் ஒரு முள், உங்கள் உள்ளங்கையில் இன்னொரு முள் என்று ஒரு முறை மாட்டிக்கொண்டவருக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் முள்ளின் எடையையும் சேர்த்துத்தான் லூரைச் செய்திருக்கிறார்கள். எடை குறைந்தால் சில லூர்கள் மல்லாந்துவிடும், சில ஆடாமல் விறைத்து வரும். கழற்றியதையும் மாட்டப்போவதையும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒத்துவந்தால் போதும். எதிர்முள்ளை (முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் கூர்) குறடால் நசுக்கிவிடுங்கள், எத்தனை முனை இருந்தாலும்.

உயிர் விலாங்கை வெறுங்கையில் பிடிப்பது

ஐஸ் பெட்டியில் வைத்தால் மந்தமாகிவிடும். பழைய துணியால் பிடித்து, கீழ்த்தாடைக்கு அடியில் குத்தி மேலே எடுங்கள். கோர்த்ததும் எறிந்துவிடுங்கள், கையில் வைத்துக்கொண்டு நின்றால் லீடரில் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

லீடரைத் தடவிப் பார்க்காதது

ஸ்ட்ரைப்பரின் வாய் உப்புத்தாள் மாதிரி, செவுள் மூடியின் ஓரம் கூர்மை. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முள்ளிலிருந்து மேலே ஒரு சாண் தூரம் நகத்தை ஓட்டுங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.